பழைய கணினிக்கும் ஒரு பைத்தான் உண்டு

பேரப்பிள்ளை புரோகிராமிங் கற்க ஆசைப்படுகிறான் என்று விசாரிக்கப் போகும் பென்ஷன்காரருக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "விண்டோஸ் 7-ஆ? தூக்கிப் போடுங்க சார், புதுசு வாங்குங்க." இந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. ஒரு மாதப் பென்ஷனுக்கு மேல் செலவு வைக்கிற யோசனையை இவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடாது.

இன்றைய பைத்தான் அந்தக் கணினியில் ஏறாது என்பது உண்மை. ஆனால் அது கணினியின் கோளாறு அல்ல. மைக்ரோசாஃப்ட் ஒரு விண்டோஸுக்கு ஆதரவை நிறுத்திவிட்டால், அதற்குப் பிறகு வரும் பைத்தான் பதிப்புகளும் அதைக் கைவிட்டுவிடும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.4. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் நின்றது. அதற்குக் கடைசி 3.8.

இந்தப் பழைய பதிப்புகளை யாரும் அழித்துவிடவில்லை. பைத்தான் தளத்தில் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. முகப்பில் உள்ள பொத்தான் புதியதைத்தான் தரும். எல்லாப் பதிப்புகளின் பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டும். விண்டோஸ் 7-க்கு 3.8.10, எக்ஸ்பிக்கு 3.4.4. விண்டோஸ் 7-ல் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா, கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். புதிய அரசாணை வந்தால் பழையதைக் கிழித்துப் போடமாட்டோம். ரெக்கார்டு ரூமில் இருக்கும். பழைய விதியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அந்த விதிதான் கணக்கு. எங்கள் புதுச்சேரியில் ஆட்சியே மாறியது. ஆனாலும் பிரெஞ்சுக்கார நொத்தேர் எழுதிய பத்திரத்தை இன்றும் சொத்து விவகாரத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள். பழையதைப் பத்திரமாக வைத்தால் மட்டும் போதாது, கேட்டு வருபவருக்கு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லவும் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இன்று இல்லை.

குறைகளும் உண்டு. புதிய புத்தகங்களில் வரும் எஃப்-ஸ்ட்ரிங் 3.6-ல்தான் வந்தது; எக்ஸ்பியில் பழகும் பிள்ளைக்குப் பிழை என்று காட்டும். "உன் தப்பு இல்லையடா" என்று சொல்லிவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் இனி வராது. ஆகவே வங்கிக் கணக்கு, பென்ஷன் விவரம் எதையும் அந்தக் கணினியில் வைக்காதீர்கள். பைத்தானை ஏற்றியதும் இணைய இணைப்பைத் துண்டித்துவிடலாம். மொழியைப் பழக இணையம் தேவையில்லை.

லூப், ஃபங்ஷன், பட்டியல் எல்லாம் 3.8-லும் அதேதான். கற்றுக்கொடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: "புதுசு வாங்குங்க" என்பதற்கு முன், "உங்கள் வீட்டில் எந்த விண்டோஸ்?" என்று கேளுங்கள். அதற்குரிய எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு பிள்ளையின் படிப்பு அதில் தொடங்கலாம்.