ஓட்டுநருக்கும் ஒரு துக்கம் உண்டு

துக்கத்தைப் பற்றி எடுக்கப்படும் படங்களில் துக்கப்படுகிறவர் பெரும்பாலும் எழுத்தாளராகவோ நடிகராகவோ பேராசிரியராகவோ இருப்பார். அவருக்கு வண்டி ஓட்டுபவரும் சமைத்துப் போடுபவரும் படத்தில் வருவார்கள். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் சாக மாட்டார்கள். செத்தாலும் கேமரா அங்கே போகாது. 2021இல் வந்த 'டிரைவ் மை கார்' என்ற ஜப்பானியப் படத்தில் கேமரா ஓட்டுநரின் வீடு வரை போகிறது. அதனால்தான் அதைப் பற்றி இங்கே பேசுகிறோம்.

ஹருகி முரகாமியின் சிறுகதையைத் தழுவி ரியூசுகே ஹமாகுச்சி இயக்கிய படம் இது. கான் விழாவில் திரைக்கதைக்கான விருதையும், 2022இல் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றது. கஃபுகு ஒரு நாடக நடிகர், இயக்குநர். மகளைச் சிறு வயதிலேயே நிமோனியாவுக்குப் பறிகொடுத்தவர். பிறகு மனைவியும் திடீரென இறந்துபோகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தை மேடையேற்ற ஹிரோஷிமாவுக்கு வருகிறார். அங்கே அவர் தன் காரைத் தானே ஓட்டக் கூடாது என்று சொல்லி, மிசாகி என்ற 23 வயதுப் பெண்ணை ஓட்டுநராக அமர்த்துகிறார்கள். கஃபுகுவின் மகள் உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயதுதான்.

அந்த நாடகத்தில் நடிகர்கள் அவரவர் மொழியிலேயே பேசுகிறார்கள். ஒருவர் ஜப்பானியத்தில் கேட்க, இன்னொருவர் மாண்டரினில் பதில் சொல்கிறார். யூனா என்ற கொரியப் பெண் சைகை மொழியில் நடிக்கிறார். வயிற்றில் இருந்த குழந்தையை இழந்தவர் அவர். தன் சொல் மற்றவர்களுக்குப் புரியாமல் போவது தனக்கு வழக்கமான ஒன்றுதான் என்கிறார். வகுப்பறையில் வாய் திறந்ததும் பேச்சு வழக்கை வைத்து எடை போடப்பட்ட மாணவர்களுக்கு அந்தச் சொல் சட்டென்று புரியும். இந்த நாடகத்தில் மேடையேறுவதற்கு யாரும் தன் மொழியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. மற்றவர்கள்தான் பொறுமையாக முகம் பார்த்துக் கேட்க வேண்டும்.

மிசாகி ஹொக்கைடோ தீவின் மலைக் கிராமத்தவர். தாய்க்கு சப்போரோவில் இரவு விடுதியில் வேலை. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே தாயை ரயில் நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவார். தூங்கும் தாய் விழிக்கும்படி ஓட்டினால் அடி விழும். குலுங்காமல் ஓட்டக் கற்றது அப்படித்தான். காரில் இருப்பதே சில நேரம் மறந்துபோகிறது என்று கஃபுகு பாராட்டும் திறமை அடி வாங்கி வந்தது. பிறகு நிலச்சரிவில் வீடு புதைகிறது. தப்பி வந்த மிசாகி, உள்ளே தாய் இருப்பது தெரிந்தும் உதவிக்கு யாரையும் கூப்பிடவில்லை.

அங்கிருந்து கார் போன போக்கில் வந்து, அது பழுதாகி நின்ற ஹிரோஷிமாவில் குப்பை லாரி ஓட்டுகிறார். உனக்குப் பிடித்த இடத்துக்குக் கூட்டிப் போ என்று கஃபுகு கேட்டதும் நகரத்தின் குப்பை எரிப்பு ஆலைக்குத்தான் அழைத்துப் போகிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குப்பை விழுவது பனி பொழிவதுபோல இருக்கிறது என்கிறார். குப்பையோடு வேலை செய்தவரைப் பார்த்து முகம் சுளிக்கவோ உச்சுக்கொட்டவோ படம் நம்மைக் கேட்கவில்லை. அவர் தன் ஊரைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

முதலில் கஃபுகு பின் இருக்கையில்தான் உட்கார்கிறார். இறந்த மனைவியின் குரல் ஒலிநாடாவில் நாடக வசனம் சொல்லிக்கொண்டிருக்கும். மிசாகி அதைக் கேட்டபடி ஓட்ட வேண்டும். முதலாளியின் துக்கத்தைச் சுமப்பதும் அந்தச் சம்பளத்துக்குள் அடக்கம். பின்னர் கஃபுகு முன் இருக்கைக்கு வருகிறார். தாயைக் காப்பாற்றாமல் விட்டதை மிசாகி சொல்வது அதற்குப் பிறகுதான்.

மிசாகி தலித் அல்ல. ஜப்பானிய வாழ்க்கையை நம் சேரிக்குள் இழுத்துவந்து பொருத்தவும் தேவையில்லை. ஆனால் அடுத்தவர் துக்கத்துக்கு வேலை செய்வது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்ல ஓடியது யார்? பறை அடித்தது யார்? குழி வெட்டியதும் பிணம் எரித்ததும் யார்? அதே ஊர்களில் நம் பிணத்தைக் கொண்டுபோகப் பாதை கேட்டு இன்றும் தாசில்தாரிடம் மனு கொடுக்கிறோம். 2020இல் ஹாத்ரஸில் கொல்லப்பட்ட தலித் பெண்ணின் உடலைக் குடும்பத்தார் முகம்கூடப் பார்க்கவிடாமல் போலீஸ் இரவோடு இரவாக எரித்தது. அழும் உரிமையும் சாதிப்படிதான் பங்கிடப்பட்டிருக்கிறது.

படத்தோடு நாம் பிரியும் இடமும் ஒன்று உண்டு. கஃபுகுவும் மிசாகியும் ஆளுக்கொரு சாவுக்குத் தங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டவர்கள். மனம் விட்டுப் பேசுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், பாரம் இறங்குகிறது. நிலச்சரிவின் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் மலக்குழியில் இறப்பவரை அதில் இறக்கிவிட்ட ஒருவர் இருக்கிறார். அந்தச் சாவுக்கு 2014இல் 10 லட்சம், 2023இல் 30 லட்சம் என்று இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தொகைக்கே குடும்பங்கள் அலைகின்றன. இறக்கிவிட்டவருக்குத் தண்டனை கிடைப்பது அரிது. இங்கே மனப் பாரம் இறங்க மனம் விட்டுப் பேசினால் மட்டும் போதாது, நீதியும் வேண்டும்.

ரோஹித் வேமுலாவின் தாய் ராதிகாவும், பாயல் தட்வியின் தாய் ஆபிதாவும் 2019இல் அதைத்தான் செய்தார்கள். ஒருவர் ஆந்திராவின் தலித் தாய், இன்னொருவர் மகாராஷ்டிராவின் ஆதிவாசித் தாய். உயர்கல்வி வளாகங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி இருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரே வகை இழப்பு அவர்களை ஒரே மனுவில் சேர்த்தது.

தோழர்களே, விடுதியில், படிப்பு வட்டத்தில் இந்தப் படத்தைச் சேர்ந்து பாருங்கள். ஒரு நிமிடம் குறைய மூன்று மணி நேரம் ஓடும், மெதுவாகத்தான் போகும். பார்த்த பிறகு ஒன்றைப் பேசி முடிவெடுங்கள்: அடுத்த இரங்கல் கூட்டத்தில் தலைவர்களுக்கு முன்னால் இறந்தவரின் தாய்க்கு மைக்கைக் கொடுப்போம். அவர் பேசினால் கேட்போம், அழுதால் காத்திருப்போம். முழக்கம் அதற்குப் பிறகு வரட்டும்.