சுவருக்கு ஒரு நிறம்



2010இல் செட்டிகுளம் மனிக் பாம் முகாமிலிருந்து வெளியேறி மாத்தளையில் அக்கா வீட்டுக்கு வந்தபோது, எனக்கும் மகளுக்கும் ஒரு சிறிய அறை கிடைத்தது. புகை படிந்த சுவர், ஒரேயொரு யன்னல். அதற்கு முன் கூடாரத் துணிதான் எங்களுக்குச் சுவராக இருந்தது.

"என்ன நிறம் அடிப்போம், அம்மா?" என்று மகள் கேட்டாள்.

"புருஷன் இல்லாத பிள்ளையின் அறைக்கு வெள்ளை போதாதா?" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

நான் பதில் பேசவில்லை. மகள் முற்றத்தில் நின்று, தூரத்தில் தெரிந்த நக்கிள்ஸ் மலையைக் காட்டினாள். நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை. இரண்டிலும் சாம்பல் கலந்த மங்கல் நிறம். "அதுதான் வேண்டும்" என்றாள்.

கடையில் பெயின்ற் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். ஆனால் அந்த நிறத்தைச் சுண்ணாம்பிலேயே கலக்கலாம். நமது மாவட்டத்துச் சீகிரியாவில் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு உண்டு, நீலம் இல்லை. அக்காலத்தில் நல்ல நீலம் தூரதேசத்துக் கல்லை அரைத்தே கிடைத்தது. 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். அதன் பிறகுதான் சட்டைக்குப் போடும் நீலத்தூள் ஏழை வீட்டுக்கும் வந்தது.

செய்முறை இதுதான். நீற்றிய சுண்ணாம்பை நீரில் கரைத்து, ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடியுங்கள். பால்போல் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு வாளிக்கு 4 மேசைக்கரண்டி நீலத்தூள், தரைக்குப் போடும் சிவப்புத் தூள் 1 தேக்கரண்டி, விளக்குக்கரி ஒரு சிட்டிகை. தூள்களை முதலில் சிறிது வெந்நீரில் குழைத்துப் பின்பு வாளியில் சேருங்கள். போத்தலில் வரும் நீலத் திரவம் வேண்டாம், அது வெளிறிவிடும். ஈரத்தில் கடுமையாகத் தெரியும் நிறம் காய்ந்தால் வெளிறும். ஆகவே சுவரின் ஒரு மூலையில் பூசி, காய்ந்த பிறகு பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள்.

புகைக்கரியைத் தேய்த்துக் கழுவி, சுவரை நனைத்து, மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள். சிறிய அறையென்றால் யன்னலுக்கு எதிர்ச் சுவரை வெள்ளையாகவே விடுங்கள்; வெளிச்சம் திரும்பி வரும். மாத்தளை மழையில் ஈரம் ஊறும் சுவருக்குச் சுண்ணாம்பு நல்லது. ஈரம் வெளியேற இடம் விடும். பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது.

கவனம்: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டால் உடனே நிறைய நீரால் கழுவி வைத்தியரிடம் போங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்றில் ஈயம் இருக்கலாம். அதைக் காயச் சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுங்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

மூன்று நாளில் எங்கள் அறை முடிந்தது. முகாமில் கூடாரம், பாய், சாப்பாடு எல்லாமே மற்றவர்கள் தந்தவை. எதற்கும் எங்கள் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. பல காலத்துக்குப் பிறகு நாங்களாகவே தெரிவு செய்தது இந்த நிறம்தான்.

சகோதரிகளே, வெள்ளை பிடித்தால் வெள்ளையே அடியுங்கள். ஆனால் அது உங்கள் விருப்பமாக இருக்கட்டும்.