சங்கிலியை அவிழ்க்கும் முன்

ஹைதராபாதின் கொண்டாபூரில் குப்பை மேடாகக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தை மாநகராட்சி 2018இல் நாய்களுக்கான பூங்காவாக மாற்றியது. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1979லேயே வந்துவிட்ட ஏற்பாடு இது, இந்தியாவுக்குப் புதிது. அடுக்குமாடி வீட்டில் நாள் முழுவதும் அடைந்து கிடக்கும் லாப்ரடாருக்கு, சங்கிலி இல்லாமல் ஓடக் கிடைக்கும் ஒரு மணி நேரம் பெரிய வரம். ஆனால் நாய்க்கு விடுதலை என்றால் தனக்கும் விடுதலை என்று உரிமையாளர் நினைத்துவிடும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது.

முதலில், யார் வரக் கூடாது? தடுப்பூசிகள் முடியாத குட்டி. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளுக்கான ஊசி வரிசை முடிய ஏறக்குறைய 16 வாரம் ஆகும்; அதுவரை பொறுப்பது நல்லது. பருவத்துக்கு வந்த பெட்டையை மூன்று வாரமாவது வீட்டில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண் நாய்களுக்குள் நடக்கும் போருக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு.

இத்தகைய பூங்காக்களில் வழக்கமாக இரண்டு கதவுகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சங்கிலியை அவிழ்த்துவிட்டு உள்ளே விடுவதுதான் முறை. சுதந்திரமாகத் திரியும் கூட்டத்துக்கு நடுவே கட்டப்பட்ட நாய் தப்பி ஓட வழியின்றி மிரளும். மிரளும் நாய்தான் கடிக்கும். புது நாய் வரும்போது மற்றவை கதவருகே மொய்ப்பது இயல்பு. அந்த நேரத்தில் தன் நாயைக் கூப்பிட்டுக்கொள்வது அடிப்படை நாகரிகம். கூப்பிட்டால் வராத நாயா? இன்னும் கொஞ்ச நாள் பயிற்சி தேவை.

‘சும்மா விளையாடுகிறான்’ என்பது பூங்காக்களில் அதிகம் கேட்கும் வசனம். பல சமயம் உண்மை, எப்போதும் அல்ல. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தினால் அது விளையாட்டுக்கு அழைப்பு. துரத்தியது சற்று நேரத்தில் துரத்தப்படும். கீழே விழுந்தது மேலே ஏறும். ஒன்றே துரத்திக்கொண்டிருந்து மற்றது வாலை இடுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் புகுந்தால் ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உடல் விறைத்து, அசையாமல், வெறித்துப் பார்ப்பது இன்னும் ஆபத்து. வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, முதோல் போன்ற ரகங்களுக்கு ஓடுகிற பொமரேனியன் இரையாகத் தோன்றக்கூடும். பெரியவை, சின்னவைக்குத் தனித்தனி அடைப்பு இருந்தால், ‘என் நாய் சாது’ என்ற வாதமெல்லாம் வேண்டாம். 30 கிலோ நாய் விளையாட்டாகவே மேலே விழுந்தாலும் 3 கிலோ நாயின் எலும்பு முறியும். இதையெல்லாம் கவனிக்க வேண்டியவர் செல்போனில் மூழ்கியிருந்தால் என்ன பயன்?

சண்டை மூண்டால் வாய்க்கு அருகே கையை நீட்டக் கூடாது. தண்ணீரை வீசலாம், பலத்த சத்தம் எழுப்பலாம். மனிதருக்குக் கடி பட்டால் காயத்தை சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட நாய்தான் என்று தட்டிக்கழிப்பது விஷப் பரீட்சை. நாயின் உரிமையாளர் நழுவிவிடாமல் தொலைபேசி எண்ணையும் ஊசிச் சான்றையும் கொடுப்பதுதான் மரியாதை.

பிஸ்கட், எலும்பு, பிடித்த பந்து எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். பாதிச் சண்டைகளுக்கு அவைதான் மூலம். மலத்தை அள்ளப் பழைய செய்தித்தாளோ பையோ கட்டாயம். கொக்கிப்புழு மண் வழியாக மற்ற நாய்களுக்கும், வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளுக்கும் தொற்றும்.

இந்தச் சின்ன விஷயங்களில்தான் இடமே பறிபோகிறது. பெங்களூர் கப்பன் பூங்காவில் அவிழ்த்துவிட்ட நாய்கள், அள்ளாத மலம் என்று புகார்கள் குவிந்ததால், 2022இல் நாய்களுக்கே தடை போடத் தோட்டக்கலைத் துறை முனைந்தது. எதிர்ப்புக்குப் பிறகே அந்த யோசனை கைவிடப்பட்டது. அதே ஆண்டு நொய்டா நிர்வாகம், வளர்ப்பு நாய் யாரையாவது கடித்தால் உரிமையாளருக்கு ரூ. 10,000 அபராதமும் சிகிச்சைச் செலவும் என்று அறிவித்தது.

வீடு திரும்பியதும் காது மடலுக்குப் பின்னாலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் பூங்காவுக்குப் போவதை அதிகாலையோடு முடித்துக்கொள்ளலாம்.