கிண்ட முதல் கேளுங்கோ

பனி உருகி மே மாதம் பிறந்தால் போதும், ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கட ஆக்களின் வளவுகளில் மண்வெட்டிச் சத்தம் தொடங்கிவிடும். ஒருத்தருக்கு வேலி போடவேணும். ஒருத்தருக்கு டெக் கட்டவேணும். கொஞ்சம் காசு சேர்ந்தவர் பேஸ்மென்றுக்குப் பக்கவாசல் வெட்டுகிறார், வாடகைக்கு விட. நல்லது. பதினைந்து வருடம் இரண்டு வேலை செய்து வாங்கின வீடு, அவரவர் வளவை அவரவர் திருத்தத்தானே வேணும். எனக்குச் சண்டை ஒரேயொரு வசனத்தோடுதான்.

"ரெண்டடி தானே, என்ன நடக்கப்போகுது?"

இந்த வசனத்தைச் சொல்லாத வீட்டுக்காரரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அதைவிட அபூர்வம், கிண்ட முதல் நிலத்துக்குள் என்ன ஓடுது என்று கேட்டுப் பார்த்தவர்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஒன்ராறியோவில் எங்கே கிண்டுவதென்றாலும் ஒன்ராறியோ வன் கோல் என்ற அமைப்புக்கு முன்கூட்டியே அறிவிக்கவேணும். ஒரு பூமரக்கன்றுக்குக் குழி வெட்டினாலும் அதுதான் சட்டம். இணையத்திலேயே செய்யலாம். அவர்கள் காஸ், கரண்ட், தண்ணி, ரெலிபோன் கொம்பனிகளுக்கெல்லாம் தகவல் அனுப்புவார்கள். பொதுவாக 5 வேலை நாளுக்குள் ஆள் வந்து நிலத்தில் நிறம் அடித்துக் கொடி குத்திவிட்டுப் போகும். சிவப்பு என்றால் மின்சாரம். மஞ்சள் காஸ். செம்மஞ்சள் ரெலிபோன், இன்ரநெற். நீலம் குடிதண்ணீர். பச்சை கழிவுநீர். இவ்வளவுக்கும் வீட்டுக்காரர் கட்டவேண்டிய காசு ஒரு சதமும் இல்லை. ஓசியில் கிடைக்கிற எதையும் விடாத எங்கட சனம் இதை மட்டும் ஏன் விடுகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் இரண்டு வருடம்தான் படித்தேன். 2006 ஓகஸ்ற்றில் ஏ9 பாதை பூட்டினதோடு படிப்பும் பூட்டுப்பட்டது. ஆனால் இந்தக் குறிக்கிற வேலையை விளங்க அந்த இரண்டு வருடமே கூட. ஒரு வயரில் மாறுமின்னோட்டம் விட்டால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். குறிக்க வருகிறவர் ஒரு பெட்டியால் வயரில் சமிக்ஞையை ஏற்றிவிட்டு, கையில் இருக்கிற மற்றக் கருவியால் மேலே நடந்து அதைப் பிடிக்கிறார். பிளாஸ்ரிக் குழாயில் இது வேலை செய்யாது. அதனால்தான் பிளாஸ்ரிக் காஸ் குழாயோடு சேர்த்து ஒரு செப்பு வயரையும் புதைக்கிறார்கள். அந்த வயர் எங்கேயாவது அறுந்து கிடந்தால் கருவிக்குக் கண் தெரியாது, பழைய வரைபடத்தைத்தான் நம்பவேணும். நிலத்துக்குள் ரேடார் விட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் களிமண் அந்த அலைகளைக் குடித்துவிடும். கருவியோடு வருகிறவருக்கே இவ்வளவு சிக்கல் என்றால், மண்வெட்டியோடு வருகிறவர் எதை வைத்து "ஒண்டும் இல்லை" என்று சொல்லுகிறார்?

2003 ஏப்ரல் 24ஆம் திகதியை இங்கே கனபேர் மறந்துவிட்டார்கள். எற்றோபிக்கோவில் புளோர் வீதி மேற்கில் வீதி வேலை நடந்தது. தோண்டுகிற இயந்திரம் ஒரு காஸ் குழாயில் பட்டது. காஸ் பக்கத்துக் கட்டிடத்துக்குள் போய் நிறைந்து வெடித்தது. 7 பேர் செத்தார்கள். கிண்டினவர்கள் அல்ல, கட்டிடத்துக்குள் தங்கள் பாட்டில் இருந்த சனம். அந்தக் குழாய் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கவில்லை. வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது. எல்லா நிலத்தடி உடைமைக்காரரையும் ஒரே இடத்துக்குள் கட்டாயமாகச் சேர்க்கிற சட்டம் 2012இல்தான் வந்தது. ஏழு உயிருக்குப் பிறகும் ஒன்பது வருடம் எடுத்தது.

இனி எங்கட ஆக்களின் சாட்டுகளுக்கு வருவோம்.

"குழாய் எல்லாம் ஆழத்தில கிடக்கும்." வேலித் தூண் குளிருக்கு எழும்பாமல் நிற்கவேண்டுமென்றால் உறைபனி மட்டத்துக்குக் கீழே, 4 அடி மட்டில் இறக்கவேணும். காஸ் குழாய் அதைவிட மேலேதான் பல இடங்களில் ஓடுகிறது. இன்ரநெற் வயர் சில வளவுகளில் புல்லுக்கு அடியிலேயே கிடக்கும். முந்தின வீட்டுக்காரர் மண்ணை வழித்து முற்றத்தைச் சமப்படுத்தியிருந்தால், ஒரு காலம் ஆழத்தில் இருந்தது இன்றைக்கு மேலே இருக்கும்.

"கூப்பிட்டால் பேமிட் இல்லாதது தெரிஞ்சுபோம்." குறிக்க வருகிறவரின் வேலை நிறம் அடிக்கிறது, உங்கட பேமிட்டைப் பார்க்கிறதல்ல. அப்படியும் பயமென்றால் அதற்கு மருந்து பேமிட் எடுக்கிறது. குருட்டுத்தனமாய்க் கிண்டுகிறது மருந்தல்ல.

"அவங்கள் நேரத்துக்கு வாறதில்லை." இதில் நியாயம் இருக்கு, மறுக்கமாட்டேன். ஐந்து நாள் என்று சட்டத்தில் எழுதிவிட்டு வாரக்கணக்கில் ஆக்களைக் காத்திருக்க வைத்தார்கள். கொம்பனிகள் ஆள் போதாது என்றன. பிந்துகிறவர்களுக்குத் தண்டம் போட வழிசெய்யும் சட்டம் 2022இல் வந்தது. குறிக்கிறதுக்குக் காசு வாங்கக்கூடாது என்று 2024இல் இன்னொரு சட்டம் வரவேண்டியிருந்தது. கொம்பனிகளைத் திட்டவேணும் என்றால் நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் அவன் பிந்தினான் என்பதற்காகக் காஸ் குழாய் தள்ளிப் படுக்காது.

இவ்வளவும் வீட்டுக்காரரைப் பற்றின கதை. எனக்கு வயிறு எரிகிறது வேறு இடத்தில்.

மண்வெட்டியைப் பிடிக்கிறது வீட்டுக்காரர் அல்ல. கொந்திராத்துக்காரரும் அல்ல. நேற்று வந்த பெடியன். படிக்க வந்தவன், வழக்குப் பதிந்துவிட்டு வேலை அனுமதிக்குக் காத்திருக்கிறவன். எங்கட குசினியில் கோப்பை கழுவுகிற ஒரு தம்பி லீவு நாளில் கைக்காசுக்குக் குழி வெட்டப் போகிறவன். ஒருநாள் கேட்டேன்:

"தம்பி, நிலத்தில நிறம் அடிச்சிருந்ததோ?"

"என்ன நிறம் அண்ணை?"

அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனவர் எங்கட ஆள், கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் குடுக்கிறவர். ஒரு கொடியின் நிறத்தைச் சொல்லிக்குடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒன்ராறியோவின் கட்டுமானப் பாதுகாப்பு விதியில், 1991இலேயே, கிண்ட முதல் காஸ், மின்சாரம் எல்லாம் கண்டுபிடித்துக் குறிக்கவேணும் என்று எழுதியிருக்கு. ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை இருக்கு. கைக்காசு வாங்குகிறவனுக்கு இந்த இரண்டும் ஆர் சொல்லப்போகிறார்கள்? காயப்பட்டால் ஆஸ்பத்திரியில் என்ன சொல்லவேணும் என்று மட்டும் வடிவாகச் சொல்லிக்குடுப்பார்கள்.

போன கோடையில் எங்கட பிளாசாவில் ஒரு சின்ன இயந்திரம் ரெலிபோன் வயரை அறுத்தது. வெள்ளிக்கிழமை இரவு. காட் மெசின் செத்துப்போச்சு. கொத்துரொட்டி வாங்கினவர்களின் பேரைக் கொப்பியில் எழுதி விட்டோம், சிலர் பிறகு கொண்டுவந்து தந்தார்கள். எல்லாரும் சிரித்தோம். அறுந்த இடத்திலிருந்து காஸ் மீற்றர் நாலு எட்டுத் தூரம். அதைப் பற்றி ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

எங்களுக்கு, அதுவும் எங்களுக்கு, இதைச் சொல்லவேண்டி வந்தது வெட்கம். முகமாலையில், கிளாலியில் ஆக்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாய் மண்ணைக் கிளறின நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். மண்டையோட்டுப் பலகையும் சிவப்பு நாடாவும் கண்டால் மாடு தேடிப் போனவனும் நின்றுவிடுவான். மண்ணுக்குள் கிடக்கிறது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆளைக் கொல்லும் என்ற பாடத்தை எங்களுக்கு ஒரு கொம்பனிக்காரன் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. இங்கே வந்து சொந்தமாய் நாற்பது அடி வளவு கிடைத்தவுடன் அது மறந்துபோச்சு.

ஆகவே சுருக்கமாக:

1. ஆரைக் கூட்டிவந்து கிண்டினாலும், குறித்த தாளை முதலில் கேளுங்கோ. தாள் இல்லையென்றால் வேலை இல்லை.

2. குறித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் 1 மீற்றருக்குள் இயந்திரம் வேண்டாம், கையால் கிளறுங்கோ.

3. மீற்றருக்கு அங்காலே உங்கட சொந்தமாய்ப் போட்ட லைனை அவர்கள் குறிக்கமாட்டார்கள். கராஜுக்குப் போகிற கரண்ட், பின்வளவு அடுப்புக்குப் போகிற காஸ் எல்லாம் இதில் அடங்கும். அதற்குத் தனியாருக்குக் காசு குடுத்துத்தான் குறிக்கவேணும்.

4. குழாயில் ஒரு கீறல் பட்டாலும் மண்ணைப் போட்டு மூடாதேயுங்கோ, கொம்பனிக்குச் சொல்லுங்கோ. 2004 யூலையில் பெல்ஜியத்தின் கிஸ்லெங்கியனில் 24 பேரைக் கொன்றது, கட்டுமான இயந்திரத்தால் முன்னரே காயப்பட்டிருந்த ஒரு காஸ் குழாய்தான்.

5. அழுகின முட்டை மணம் வந்தால் சுவிச்சைத் தொடாமல், காரை ஸ்ராட் பண்ணாமல், எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூரப் போய் 911க்கு அடியுங்கோ.

வேலி ஒரு கிழமை பிந்தினால் ஒருத்தரும் சாகமாட்டார்கள். குழிக்குள் நிற்கிற பெடியனுக்கும் ஊரில் ஒரு அம்மா ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா. அவவுக்கு என்ன சொல்லுவீர்கள், ரெண்டடி தானே என்றா?