கப்பலை மறித்தால் போதுமா?

இறக்குமதியை நிறுத்தினால் கமக்காரன் தலைநிமிர்வான் என்று கிளிநொச்சிச் சந்தையிலும் சொல்கிறார்கள், பாராளுமன்றத்திலும் சொல்கிறார்கள். சான்றாக உடனே வருவது சிறிமாவோ காலம். 1970க்குப் பிறகு வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் மறிக்கப்பட, விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் செத்தல் மிளகாயில் காசு புரண்டது. 1977இல் பொருளாதாரம் திறபட்டதும் அது படுத்தது. உண்மைதான். மிச்சக் கதையை யார் சொல்வது? அதே சிறிமாவோ அரசுதான் 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையை உருவாக்கி, நெல் வாங்கும் உரிமையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வன்னி அரிசியை யாழ்ப்பாணத்து உறவுகளுக்குக் கொண்டுபோனவர்கள் ஆனையிறவுச் சோதனையில் பொதி அவிழ்த்துக் காட்டவேண்டியிருந்தது. துறைமுகத்தை அடைத்த கை வீதியையும் அடைத்தது.

2021 மே மாதம் இரசாயன உரத்தை மறித்ததும் இறக்குமதித் தடைதானே? நவம்பரில் அதை நீக்கியபோது காலபோக விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. முன்பு 1,500 ரூபாவுக்கு வாங்கிய யூரியா மூடை அடுத்த ஆண்டு 30,000ஐத் தாண்டியது. விளைச்சல் விழ, அரிசிக் கப்பல் வந்தது.

தடை இருந்தாலும் நெல்லின் விலை வயல் வரம்பிலேயே முடிவாகிவிடுகிறது. வெட்டு மெசின் இறங்கும் நாளில் நெல் ஈரம். காயப்போடக் களம் இல்லாதவர்கள் பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் தாரிலே பரப்பிவிட்டு, மழை இருட்டினால் படங்கோடு ஓடுகிறார்கள். உரக்கடைக் கடன், மெசின் கூலி, அடகு நகை எல்லாம் ஒன்றாக நெருக்கும். ஈரத்துக்கென்று மூடைக்கு இத்தனை கிலோ கழித்துக்கொண்டு வியாபாரி லொறியில் ஏற்றிவிடுகிறார். சில மாதங்களில் அரிசி விலை ஏறும்போது நெல் ஆலைக் களஞ்சியத்தில் இருக்கும்; விளைவித்தவரோ கடையில் அரிசி வாங்குவார். அப்போது இறக்குமதித் தடை யாருடைய விலையைக் காக்கிறது?

கப்பலைத் திறந்துவிடச் சொல்லவில்லை. அறுவடை வாசலில் வந்திறங்கும் அரிசியும் கொல்லும். 2024 டிசம்பரில் தட்டுப்பாட்டைச் சொல்லி, கிலோவுக்கு 65 ரூபா வரியோடு அரிசி இறக்க அனுமதித்தார்கள். 20ஆம் திகதிவரை என்றது 2025 ஜனவரி 10வரை நீண்டது. நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125 என்ற உத்தரவாத விலை வெளிவந்ததோ பெப்ரவரி 5இல். அதற்குள் நாட்டின் பல இடங்களில் அறுவடை தொடங்கியிருந்தது.

வரியும் உத்தரவாத விலையும் விதைப்புக்கு முன்னரே வர்த்தமானியில் வரட்டும். போகம் முடியும்வரை அதில் கைவைக்கக் கூடாது. ஒவ்வொரு கமநல சேவை நிலையத்துக்கும் நெல் காயப்போடக் களமும், இருப்பு வைத்தவருக்கு அந்த நெல்லின் பேரிலேயே கடனும் வேண்டும். அடுத்த கமக்காரர் கூட்டத்தில் அரச அதிபரிடம் கேட்கவேண்டியவை இவை.