இரும்புப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

பாரீஸ் நகரத்தில் லூவர் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது அரண்மனை. இன்று உலகப் புகழ் பெற்ற கலைக்கூடம். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே திருடர்கள் புகுந்தார்கள். நள்ளிரவில் அல்ல, பட்டப்பகலில்!

ஏணி பொருத்திய லாரியில் வந்தார்கள். மாடி ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தார்கள். கண்ணாடிப் பேழைகளை யந்திரத்தால் அறுத்தார்கள். ராஜ குடும்பத்து நகைகளை அள்ளிக்கொண்டு ஸ்கூட்டரில் ஓடிவிட்டார்கள். எல்லாம் ஏழெட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பறிபோன நகைகள் 8. மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ.

அதன் பிறகு, மிஞ்சிய நகைகளில் பலவற்றைப் பிரெஞ்சு மத்திய பாங்கியின் நிலவறைக்குக் கொண்டு போனார்கள். அது பூமிக்குக் கீழே 26 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அரண்மனைக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுப் பீரோவின் கதி என்ன?

தங்கம் ஏறியது, பயமும் ஏறியது

2025 அக்டோபரில் சென்னையில் ஒரு பவுன் தங்கத்தின் விலை 90,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு நடுத்தரக் குடும்பத்தில் 20 பவுன் இருந்தால், அந்த விலையில் அதன் மதிப்பு 18 லட்சம் ரூபாய்!

அது வெறும் பணம் அல்ல. மகளின் கல்யாணம் அதில் இருக்கிறது. மகனின் படிப்பு அதில் இருக்கிறது. ஆபத்து வேளையில் அடகு வைக்கக் கை கொடுப்பதும் அதுதான். அரிசிப் பானையிலும், பீரோவில் புடவை மடிப்பிலும் அதை ஒளித்து வைத்துவிட்டு ஊருக்குப் போகலாமா?

பாங்கி லாக்கர் போதாதா?

"பாங்கியில் லாக்கர் இருக்கிறதே!" என்று கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்து கொள்ளுங்கள்.

லாக்கரைப் பற்றி 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. லாக்கர் விஷயத்தில் பாங்கிகள் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்று கூறியது. அதை ஒட்டி ரிசர்வ் பாங்கி புதிய விதிகளை வகுத்தது. 2022 ஜனவரி 1-ந் தேதி அவை அமுலுக்கு வந்தன.

தீ, திருட்டு, கட்டடம் இடிவது, பாங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கர் பொருள் போனால், பாங்கி நஷ்ட ஈடு தர வேண்டும். எவ்வளவு? லாக்கரின் வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரை. வெள்ளம், பூகம்பம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்குப் பாங்கி பொறுப்பல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷ வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்ச நஷ்ட ஈடு 3 லட்சம் ரூபாய். பவுன் 90,000 ரூபாய் என்றால், அது மூன்று பவுனுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. உள்ளே இருந்ததோ 20 பவுன்!

இதற்காக லாக்கரை விட்டுவிட வேண்டாம். வீட்டை விட அது பத்திரம். ஆனால் அடிக்கடி அணியும் நகை வீட்டில்தான் இருக்கும். பத்திரம், பட்டாவும் பல வீடுகளில் அப்படியே. அவற்றுக்குத்தான் இரும்புப் பெட்டி.

பீரோ வேறு, பெட்டி வேறு

பீரோவின் தகடு மெல்லியது. கடப்பாறையால் நெம்பினால் கதவு வளைந்துவிடும். இரும்புப் பெட்டியின் கதவு கனமானது. பூட்டினால் உருண்டைக் கம்பிகள் சட்டத்துக்குள் போய் நிற்கும்.

எந்தப் பெட்டியும் திருடனை என்றென்றைக்கும் தடுக்காது. அவனுடைய நேரத்தைத் தின்னும், அவ்வளவுதான். திருடனுக்குப் பிடிக்காதது அதுதான். நேரம் ஆக ஆகச் சத்தம் வரும். அக்கம்பக்கத்தார் விழித்துக் கொள்வார்கள். லூவரில் கண்ணாடிப் பேழைகள் போதிய நேரத்தைத் தின்னவில்லை.

கடையில் என்ன கேட்பது?

முதலில், "இது திருட்டுக்கா, தீக்கா?" என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. தங்கம் உருக 1,064 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். காகிதம் அதற்கு வெகு முன்பே கருகிவிடும். எனவே பத்திரங்களுக்குத் தீ தாங்கும் பெட்டி தேவை. எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். தீயைத் தாங்கும் பெட்டி வெள்ளத்தைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். காகிதங்களைத் தண்ணீர் புகாத உறையில் இட்டு, பெட்டியை உயரமான இடத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, தரம். இரும்புப் பெட்டிகளுக்கு ஐ.எஸ். 550 என்ற இந்தியத் தர அளவு உண்டு. அதன்படி செய்ததா என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, எடை. சிறிய பெட்டியைத் திருடன் திறக்க வேண்டியதில்லை, தூக்கிக்கொண்டே போய்விடுவான்! ஆகவே சுவரிலோ தரையிலோ போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். பெரிய பெட்டியை மாடியில் வைக்குமுன் கட்டடம் தாங்குமா என்று என்ஜினீயரைக் கேளுங்கள்.

நான்காவது, பூட்டு. எண் அழுத்தும் பூட்டானால், கம்பெனி வைத்துக் கொடுத்த எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள். பிறந்த தேதி வேண்டாம். பாட்டரி தீர்ந்தால் திறப்பதற்கு ஒரு சாவி தருவார்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினால் என்ன பயன்?

நகைகளைப் படம் எடுத்து, ரசீதுகளோடு வேறோர் இடத்தில் வையுங்கள். போலீசில் புகார் கொடுக்க உதவும். இன்ஷ்யூரன்சும் உண்டு. சாதாரண வீட்டு இன்ஷ்யூரன்சில் நகை தானாகச் சேராது; கேட்டுச் சேர்க்க வேண்டும்.

எண் யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒன்று. பல வீடுகளில் பெட்டியின் எண் குடும்பத் தலைவருக்கு மட்டுமே தெரியும். அவருக்குத் திடீரென்று உடம்புக்கு வந்துவிட்டால்? ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டும். நகை பெட்டிக்குள் கிடக்கும். மனைவி அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். எவ்வளவு பரிதாபம்!

திருடனுக்குத் தெரியக் கூடாது, சரிதான். கட்டிய மனைவிக்கும் தெரியக் கூடாதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே அவளிடம் எண்ணைச் சொல்லுங்கள். ஒரு தடவை அவள் கையாலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகு ஊருக்குப் புறப்படலாம்.