ஐம்பது லட்சத்துக்குள் கட்டினால் உயிர் கணக்கில் வராதா?

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் அமைந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு அடுக்குமாடி 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தத் துயரம் நாடறியும். தெருவுக்குத் தெரு எழும் தனி வீடுகளில் ஒருவரும் இருவருமாகச் சாகிறவர்களுக்கு ஆணையமும் இல்லை, அறிக்கையும் இல்லை. உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

இந்தச் சாவுகளைப் பற்றி இப்போது பேசியே ஆக வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் தாம் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் அதைத் தன் வரம்பில் சேர்க்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக உயர்த்திவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கட்டுமானம் முன்பும் வெளியேதான், இப்போதும் வெளியேதான். சிற்றூர்களிலும் நடுத்தர நகரங்களிலும் மாடியோடு கட்டும் வீடே பெரும்பாலும் இந்தத் தொகைக்குள் முடிந்துவிடும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங் வேலைக்காரர் என ஏராளமானோர் தினமும் ஏறி இறங்கும் இடங்கள், பாதுகாப்புச் சட்டம் எட்டிப் பார்க்காத இடங்களாகிவிட்டன.

அங்கே நடக்கும் சாவுகளில் புதிராக எதுவும் இல்லை. எல்லாமே முன்கூட்டித் தெரிந்த ஆபத்துகள்.

புதிதாகக் கட்டிய சம்ப்பையும் செப்டிக் டேங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கான்கிரீட் போட்டு மூடிச் சில வாரம் கழித்து, உள்ளே நிற்கும் சவுக்கு முட்டுகளையும் பலகைகளையும் பிரிக்க ஒருவர் இறங்குவார். இரண்டடி வாய் ஒன்றுதான் வழி. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் ஊறிய மரம் அழுகும். அழுக அழுக, தொட்டிக் காற்றில் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். கரியமில வாயு சேரும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவும் சேரலாம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் நினைவு தப்பும். 6-க்குக் கீழே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆக்சிஜன் குறைவதற்கு வாடை கிடையாது. இறங்கியவர் சுதாரிப்பதற்குள் கால் துவண்டு விழுந்துவிடுகிறார். ‘புதுத் தொட்டிதானே, கழிவு ஒன்றும் இல்லையே’ என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது.

விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கிறார், அவரைத் தூக்க மூன்றாமவர். 2022 நவம்பரில் கரூர் சுக்காலியூரில் புதிய செப்டிக் டேங்கில் முட்டுக் கட்டைகளைப் பிரிக்கப் போன இடத்தில் நான்கு பேர் இறந்தது இப்படித்தான்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். தொட்டிக்கு எதிரெதிர் மூலையில் இரண்டு வாய் வைக்கலாம். இறங்குவதற்கு முந்தின நாளே மூடிகளைத் திறந்து, தண்ணீரை இறைத்துவிட வேண்டும். டீசல், பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கக் கூடாது; அதன் புகையே கொல்லும். குழாய் பொருத்திய காற்றூதியால் வெளிக்காற்றை அடித்தளம் வரை செலுத்தி, வேலை முடியும்வரை அதை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். வாயு அளவு காட்டும் கருவியால் சோதித்த பிறகே ஆள் இறங்கலாம். அவர் உடலில் பெல்ட்டும் கயிறும், மேலே கயிற்றைப் பிடித்தபடி நகராமல் இருவர். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். விஷ வாயுவை விளக்கு காட்டாது. எரியும் வாயு இருந்தால் தீப்பிடித்துவிடும்.

அடுத்து, சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிப்பது. ஆயிரம் சதுர அடியில் ஐந்து அங்குலக் கனத்துக்குத் தளம் போட்டால் அதன் எடை சுமார் 29 டன். இறுகும்வரை அவ்வளவையும் தாங்குவது முட்டுகள்தான். இந்தியத் தர நிர்ணயத்தின்படி, சாதாரண சிமென்டில் போட்ட தளத்துக்கு நாலரை மீட்டர் இடைவெளி வரை 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும் முட்டு நிற்க வேண்டும். உத்தரங்களுக்கு 14 முதல் 21 நாள். பலகைக்கும் ஜாக்கிக்கும் நாள் வாடகை என்பதால், அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகும் அவசரத்தில் முன்னதாகவே தட்டிவிடுகிறார்கள். மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஓர் உயிரைப் பணயம் வைப்பதை எந்த மேஸ்திரியும் எந்த வீட்டுக்காரரும் நியாயப்படுத்த முடியாது.

அஸ்திவாரக் குழி ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்தாக வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது, இடுப்புவரை புதைந்தாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது. தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிப்பது சரிவை வரவழைக்கும். கான்கிரீட்டுக்கான இரும்புக் கம்பி வருவது 12 மீட்டர் நீளத்தில். மாடிக்கு ஏற்றும்போது அதன் நுனி 11,000 வோல்ட் மின்கம்பியைத் தொட ஒரு நொடி போதும். பால்கனிக்கும் அந்த மின்கம்பிக்கும் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி விடுவது சட்டம். உயரத்திலிருந்து யாரும் விழாமல் இருக்க மாடிப்படி ஓரத்துக்கும் சாரத்துக்கும் தடுப்புக் கம்பி கட்டுவது அரை மணி நேர வேலை.

சட்டத்தொகுப்பின் வரம்பைக் காட்டி மாநில அரசு கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கட்டட அனுமதி மாநிலத்தின் கையில் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோருக்கு, சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்தது. அதே விண்ணப்பத்தில் குழி, சென்ட்ரிங், சாரம், மின்கம்பி, தொட்டி ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உறுதிமொழியை வீட்டுக்காரரிடமும் பொறியாளரிடமும் வாங்க வேண்டும். பெரிய கட்டடங்களிடம் வசூலிக்கும் ஒரு விழுக்காடு தொழிலாளர் நல நிதியிலிருந்து, வட்டத்துக்கு ஓரிடத்திலாவது காற்றூதியும் வாயுமானியும் இலவசமாக இரவல் தரலாம். உயிர் போன பின் நிவாரணத் தொகை கொடுப்பதைவிட இது எளிது. இதைச் செய்யாமல் இருக்க அரசுக்கு எந்தக் காரணமும் இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொட்டிக்குள் சென்ட்ரிங் பிரிக்கப்போகும் நாளை மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று நேரில் நில்லுங்கள். காற்றூதி வராவிட்டால் வேலையை நிறுத்துங்கள். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் 101-க்கும் 108-க்கும் அழையுங்கள், காற்றை உள்ளே செலுத்துங்கள், கட்டிய கயிற்றை மேலிருந்தே இழுங்கள். இன்னொருவரை மட்டும் இறங்க விடாதீர்கள்.